உப்புத்தாள்

"காதுல இருக்கறதையும் கழட்டிடுங்க" என்றாள் நர்ஸ். "உடம்புல நகை எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் எங்களைத்தான் கேட்பாங்க."

அவன் மனைவி தன் அம்மாவின் காதைத் தொட்டாள். தொட்டவள் கையை எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க எறும்புத் தலை அளவுத் திருகுகளைத் திருகுகிற விரல்கள் அவளுடையவை. இன்றைக்கு அவற்றுக்கு ஒரு தோட்டைக் கழற்ற வரவில்லை.

அவன் கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்தான். மாமியாரின் காதை அவன் அதற்கு முன் தொட்டதில்லை. கையைக்கூடத் தொட்டதாக ஞாபகம் இல்லை. காது மடல் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. அது திருகாணி வைத்த தோடு இல்லை. பின்னால் ஒரு சின்ன மரமுளை. லேசாகத் திருப்பி இழுத்தால் வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது.

நர்ஸ் இரண்டையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"என்ன இது, மரமா?"

"மரம்தான்."

"மரத்துல தோடா?"

"அவங்களே செஞ்சது."

நர்ஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தங்கமாக இருந்தால் 'மஞ்சள் உலோகம்' என்று எழுதுவார்கள். மரத்துக்கு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "நகை இல்லைன்னே போட்டுடறேன்" என்றாள். மனைவி தோடுகளை வாங்கித் தன் கண்ணாடி உறைக்குள் போட்டு மூடினாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் உயிர் போயிருந்தது. இதயம் நின்றுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல மனிதர். அதை இரண்டு தடவை சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தான். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மாமியார் விழித்திருந்தார். போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலின் மேல் மெதுவாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சொல்ல நினைத்தது ஒன்று. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏதாவது வேணுமா அத்தை?"

"ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க காலையில வேலைக்குப் போகணும். நேரமாகுது, கிளம்புங்க."

கிளம்பிவிட்டான். வீட்டுக்கு வரட்டும், வந்ததும் கையில் கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தான். அந்த முடிவுக்குப் பிறகு மனசு இலேசாகி, ஜன்னலோரத்தில் தூங்கிக்கூடப் போனான்.

*

மாமியார் பிஸ்கட் ஃபாக்டரியில் பாக்கிங் பிரிவில் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இவர்களோடு வந்து தங்கிய புதிதில், அவன் வீட்டுக்குள் வந்தாலே நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "உக்காருங்க அத்தை" என்பான் அவன். "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். அங்கே உட்கார இடம் கிடையாது. மாமியார் நிற்கிறாரே என்று அவனும் கூடத்தில் நிற்பான். "ரெண்டு பேரும் என்ன பஸ்ஸுக்கா நிக்கறீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மரியாதை என்பது அந்த வீட்டில் ஒரு பெரிய மேஜை மாதிரி நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றித்தான் போய் வந்தார்கள்.

ஒருநாள் துணி காயப்போடும் கிளிப் ஒன்று உடைந்துவிட்டது. மறுநாள் கொடியில் அவனுடைய வேலைச் சட்டையை ஒரு மரக் கிளிப் பிடித்துக்கொண்டிருந்தது. பழப்பெட்டிப் பலகையைக் காய் வெட்டும் கத்தியால் சீவிச் செய்தது. அவன் கழற்றி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாய் சரியாகப் பொருந்தியிருந்தது.

"இது எந்தக் கடையில வாங்கினீங்க அத்தை?"

மாமியார் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அவன் பார்த்தது அன்றுதான்.

அவன் பஸ் டெப்போவில் மெக்கானிக். உடைந்து கிடந்த, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து ஒரு கத்தி செய்துகொண்டு வந்தான். காய் வெட்டும் கத்தி மரத்துக்கு ஆகாது, மழுங்கிவிடும் என்றான். அவர் அதை வாங்கி, ஒரு குச்சியில் வைத்து இழுத்தார். சுருள் சுருளாக வந்தது. "வெண்ணெய் மாதிரி போகுதே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வளைஞ்சது ஒண்ணு கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். நடுவில் கிடந்த மேஜையை அவராக நகர்த்திய முதல் தடவை அது.

வளைந்தது வந்தது. பிறகு நுனி கூரானது, பிறகு உளி மாதிரி ஒன்று. மழுங்கினால் அவன் டெப்போவுக்கு எடுத்துப் போய்த் தீட்டி, முன்னங்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டு வருவான். அவன் இடது கையில் மயிர் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். "மாமியாருக்குக் கத்தி செஞ்சு குடுக்கற ஒரே மாப்பிள்ளை நீதான்டா. எதுக்கும் ராத்திரி கதவைத் தாப்பாள் போட்டுக்கோ" என்று டெப்போவில் சொல்லிச் சிரித்தார்கள். ரோட்டோரத்தில் வெட்டிப் போட்ட கிளை, உடைந்த ஸ்டூல் கால், பழைய பஸ் சீட்டின் மரச்சட்டம் என்று எதைக் கண்டாலும் அவன் சுமந்து வந்தான். 'இது இழுத்தா பிசிறும்', 'இது நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்கும்' என்று மாமியார் ஒவ்வொரு கட்டைக்கும் குணம் சொல்வார். சாப்பாட்டுக்கு அப்புறம் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். "எனக்கும் கொஞ்சம் மரம் குடுங்க, நானும் பேச்சுல சேந்துக்கறேன்" என்பாள் மனைவி.

முதலில் பொத்தான்கள், கொண்டை ஊசிகள், மணிகள், தோடு. அப்புறம் ஆட்கள். கட்டைவிரல் உயரத்துக்கு ஆட்கள். கீழ்வீட்டு டெய்லர், கழுத்தில் டேப்போடு. தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எதிர்வீட்டுக்காரி. நின்றபடியே தூங்கும் கண்டக்டர். எல்லாருக்கும் மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு. "பிஸ்கட்ல மூக்கே கிடையாது. அந்தக் குறையை இதுல தீர்த்துக்கறேன்" என்பார். அவனையும் செய்தார். ஒரு பஸ், அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள், ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் செருப்பைப் பார்த்துவிட்டு, "அவனேதான்" என்றார்கள். அக்கம்பக்கத்தில் மாமியாருக்கு 'மரங்கொத்தியம்மா' என்று பேர் விழுந்தது.

*

இதயத்துக்கு வைத்தியம் தொடங்கியபோது, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்காது, ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்னார். மாமியார் தலையாட்டினார். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் மனைவி கடையிலிருந்து வந்தபோது, அவர் ஜன்னலோரம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டு வெள்ளைத் துண்டு. வெள்ளை எங்கும் தெரியவில்லை.

"எப்ப வெட்டிச்சு?"

"மத்தியானம்."

"ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"நீங்க ரெண்டு பேரும் வேலையில இருப்பீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு..."

தையல் போட்டுக் கூட்டி வந்த பிறகு மனைவி அவனைச் சமையலறைக்குள் இழுத்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "பகல் பூரா தனியா இருக்காங்க. நாளைக்கு நாம வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா? நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க. நீங்களே எடுத்துடுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை மாமியார் குளிக்கப் போயிருந்த நேரத்தில், கத்திகள் இருந்த தகர டப்பாவைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான். வெளியே வந்த மாமியார் டப்பாவைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே கனம் சொல்லியிருக்கும். திறக்காமலே கீழே வைத்தார்.

"டீ போடட்டுமா மாப்பிள்ளை?" என்றார்.

அன்று ராத்திரி மனைவி, "என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். "தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். பேச்சை முடிக்க அது வசதியாக இருந்தது. கத்திகள் டெப்போவில் அவனுடைய லாக்கரில் இருந்தன. அவர் ஒரு வார்த்தை கேட்கட்டும், கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். சாயங்காலம் தான் கூட இருக்கும்போது மட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். கேட்கட்டும். ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போது இன்றைக்குக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். அவர் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் பழைய வழக்கம் மட்டும் திரும்ப வந்தது.

பிறகு ஒருநாள் கேட்டார். வேறு ஒன்றை.

"மாப்பிள்ளை, மெல்லிசா உப்புத்தாள் கிடைக்குமா? டெப்போவுல தேய்ச்சுப் போட்டது இருந்தாக்கூடப் போதும்."

அவனுக்கு வந்த சந்தோஷத்தில் அது எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. புதுத்தாளாகவே வாங்கி வந்தான். முரடு, நடுத்தரம், மெல்லிசு, அதைவிட மெல்லிசு. தீரத் தீர வாங்கி வந்தான். அவர் ஒவ்வொரு தடவையும், "உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்று சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

*

உடலை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் வைத்தார்கள். மாடிப்படி குறுகல். டெய்லர்தான் முன்னால் நின்று, "வலது பக்கம் தூக்கு, சுவர்ல இடிக்காம பார்த்து" என்று வழி சொன்னார். பிறகு ஒரு ஓரமாக நின்று, சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். மனைவி தலைமாட்டில் சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். கையில் ஏதாவது வேலை இருப்பது நல்லதாக இருந்தது.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டெய்லர் அவன் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதே. அம்மா என்னை ஒண்ணு செஞ்சு வச்சிருந்தாங்களே, அதை நான் எடுத்துக்கட்டுமா? குடுங்கம்மான்னு எத்தனையோ தடவை கேட்டேன். இன்னும் முடியல முடியலன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"எடுத்துக்கங்க அண்ணே. ஜன்னல்லதான் இருக்கு."

டெய்லர் ஜன்னலுக்குப் போனார். திரைச்சீலையை ஒதுக்கினார். வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இதுல நான் எது தம்பி?"

அவன் போய்ப் பார்த்தான். ஜன்னல் கட்டையில் அவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் மூக்கு இல்லை. கண் இல்லை, கை இல்லை, டேப் இல்லை, குடம் இல்லை. தண்ணீரில் வெகுகாலம் உருண்ட கூழாங்கற்கள் போல எல்லாரும் வழவழவென்று ஆகியிருந்தார்கள். சிலர் சுண்டுவிரல் கனத்துக்குத் தேய்ந்திருந்தார்கள். எல்லார்மேலும் விளக்கெண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு.

"நான் மேல வரும்போதெல்லாம் தேச்சுக்கிட்டுதான் இருப்பாங்க" என்றார் டெய்லர். "என்னம்மா, பாலிஷான்னு கேட்பேன். ஆமா, இன்னும் கொஞ்சம்தான்னுவாங்க. நான் சரியாப் பார்க்கல."

அவனும் பார்க்கவில்லை. ஜன்னல் அங்கேதான் இருந்தது. அவன் தினமும் அந்த ஜன்னலைச் சாத்தித் திறந்துகொண்டுதான் இருந்தான். அடி தட்டையாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தான். அது பஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும். கால்கள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். அங்கே ஒரு சின்ன மேடுகூட இல்லை. தொடுவதற்கு அவ்வளவு இதமாக இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எதுவா இருந்தா என்ன, ஒண்ணு குடு தம்பி" என்றார் டெய்லர். அவன் கொடுத்தான். அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து ஒருதரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது.

*

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய சாப்பாடு மூடியபடியே இருந்தது. மனைவி சமையலறையில் யாராரோ டீ குடித்த தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கழுவியதை வாங்கித் துடைத்து அடுக்கினான். மாமியார் ஒரு காலத்தில் நின்றுகொண்டிருந்த இடத்தில் நின்றிருந்தான். உட்கார இடமில்லாத இடம்.

"டெய்லர் அண்ணன் கேட்டது என் காதுலயும் விழுந்தது" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அம்மா தூசி தட்டறாங்கன்னு நினைச்சேன். தினமும் ஜன்னலோரம் மஞ்சளா பவுடர் மாதிரி இருக்கும். பெருக்கிடுவேன்."

அவன் அடுத்த தம்ளரை வாங்கினான்.

"நான் எடுக்கச் சொல்லாம இருந்திருந்தா..."

"மறுபடி வெட்டியிருக்கும்."

"வெட்டியிருக்கும்தான்." குழாயை மூடினாள். "ஒரே ஒரு தடவை அம்மா என்கிட்ட கேட்டாங்க. நீங்க எடுத்த அந்த வாரம்தான். கத்தியை மாப்பிள்ளை எங்க வச்சிருக்கார்னு."

துடைத்துக்கொண்டிருந்த தம்ளர் அவன் கையில் நின்றது.

"நீ என்ன சொன்னே?"

"தூக்கிப் போட்டுட்டார்னு சொன்னேன். நீங்கதானே அப்படிச் சொன்னீங்க."

"அதுக்கு அத்தை என்ன சொன்னாங்க?"

"'பாவம்டி, அவர் கையால செஞ்சது. அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்'னாங்க." மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "'இதைப் பத்தி அவர்கிட்ட பேசிடாதே, சங்கடப்படுவார்'ன்னாங்க. அதான் நான் சொல்லல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் தம்ளரை மற்றவற்றின் மேல் வைத்தான். சரியாக உட்காராமல் அது ஆடியது. பிடித்து நிறுத்தினான்.

"நான் தூக்கிப் போடல" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"டெப்போவுல இருக்கு. என் லாக்கர்ல. அவங்க கேட்டா குடுக்கலாம்னு..."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை.

"கொண்டு வாங்க" என்றாள் கடைசியில்.

*

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்கு லாக்கரைத் திறந்தான். துணிக்குள் கத்திகளில் அங்கங்கே துருப் புள்ளி விழுந்திருந்தது. டெப்போவில் ஆட்கள் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தாப்பாள் போடச் சொல்லிக் கேலி செய்கிறவன்கூட வந்து, ஒரு தம்ளர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சாப்பிடப் போகவில்லை. எண்ணெய்க் கல்லில் ஒவ்வொன்றாகத் தீட்டினான். தீட்டி முடித்துவிட்டு இடது கையைப் பார்த்தான். மயிர் எங்கும் ஒரே சீராக வளர்ந்து மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கடையிலிருந்து வந்து, மேஜை விளக்கைப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தாள். அவன் துணியைப் பிரித்து வைத்தான். அம்மா உயிரோடு இருந்தவரை அவள் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இப்போது வளைந்ததை எடுத்தாள். திருப்புளி பிடிப்பது போலப் பிடித்தாள்.

"அப்படி இல்ல" என்றான். "கூர் உன் பக்கம் பார்க்குது."

அவள் விரல்களைப் பிரித்து, கத்தியைத் திருப்பி வைத்து, விரல்களைத் திரும்ப மூடினான். இரும்புதான் அவன் செய்தது. கைப்பிடிகளை மாமியார் தானே செதுக்கிக்கொண்டார். பிடித்துப் பார்த்து, சீவி, மறுபடி பிடித்துப் பார்த்து, தன் கைக்கு என்று செய்துகொண்டவை.

"அம்மா கை இவ்வளவு சின்னதா?" என்றாள் மனைவி.

அவள் பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். கீழே இறக்கினாள். மறுபடி பிடித்தாள். அவள் எப்படி மாற்றிப் பிடித்தாலும், கட்டைவிரலுக்கு என்று கைப்பிடியில் தோண்டியிருந்த சின்னக் குழி, விளக்கு வெளிச்சத்தில் வெளியே தெரிந்துகொண்டே இருந்தது.